டப்பாவில் இருந்த வண்டு



ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் முப்பத்தொரு வருடம் பச்சைத்தோல் குடோன் பார்த்தவன் நான். வண்டு என்றாலே எதிரிதான். உப்பு சரியாக ஏறாத தோலில் அது முட்டையிட்டு, புழு துளை போட்டுவிட்டால் தோல் வீண்.

ஆனாலும் ஒரு வண்டை மட்டும் மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துப் பாதுகாத்திருந்தேன். நானும் மனைவியும் ஊட்டி போனபோது தொட்டபெட்டாவில் கல்லோரம் செத்துக் கிடந்தது. "பாலிஷ் போட்ட ஷூ மாதிரி இருக்குங்க" என்று அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

போன மாதம் அதை விலங்கியல் பேராசிரியராக இருந்த நண்பரிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார். முன்னங்காலில் உணர்கொம்பைத் துடைத்துக்கொள்ள ஒரு பள்ளம். "காராபிடே குடும்பம் சார், தரை வண்டு" என்றார். வெந்நீர் ஆவியில் இளக்கி மேலோட்டைத் தூக்கினார். அடியில் பறக்கும் சிறகு துளியூண்டுதான் இருந்தது. உயர்ந்த மலைகளில் வாழும் பல தரை வண்டுகளுக்குச் சிறகு இப்படித் தேய்ந்துவிடுமாம். பறக்க முடியாததால் அடுத்த மலைக்குப் போகாது. அந்தச் சோலை அழிந்தால் அந்த இனமே அழியலாம்.

"என்ன இனம்?" என்றேன்.

ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயர் 1929இலும் 1935இலும் இந்தியத் தரை வண்டுகள் பற்றி வெளியிட்ட இரண்டு தொகுதிகளில் தேட வேண்டும். ஆணாக இருந்தால் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து, மியூசியத்தில் உள்ள மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும் என்றார்.

"அதுக்கு முன்னாடி, எந்தத் தேதியில எடுத்தீங்க? சீட்டு எங்க?"

விழித்தேன். வருடமே நினைவில்லை.

"நம்ம ஆற்காடு நவாபுகிட்ட 1770கள்ல இயற்கை ஆய்வாளரா இருந்தவர் கோனிக். அவர் அனுப்பின பூச்சிகளுக்கு ஐரோப்பாவுல ஃபாப்ரீசியஸ் பெயர் வெச்சார். அந்தக் காலத்துப் பூச்சிங்க பலதுக்கும் முகவரி வெறும் 'கிழக்கிந்தியா'தான். இன்னிக்கும் எந்த ஊருன்னு தேடறாங்க. சீட்டு இல்லாத வண்டு பாதி வண்டுதான் சார்."

லாட் நம்பர் இல்லாத தோலை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருப்பேன்! எனக்கே இந்த நிலை.

வீட்டுக்கு வந்து மனைவியின் பழைய கணக்கு நோட்டுகளைப் பிரித்தேன். அவள் போய் நான்கு வருடமாகிறது. மூன்றாவது நோட்டில் இருந்தது: "12.5.2009, தொட்டபெட்டா, டீ 2, வேர்க்கடலை."

சின்னச் சீட்டில் இடம், தேதி எழுதினேன். எடுத்தவர் பெயரும் எழுத வேண்டும் என்று நண்பர் சொல்லியிருந்தார். அவள் பெயரை எழுதினேன்.

இனம் இன்னும் தெரியவில்லை. உங்கள் அலமாரியிலும் இப்படி ஏதாவது இருந்தால், நினைவு இருக்கும்போதே தேதியை எழுதி வைத்துவிடுங்கள்.