கடலடியில் கோணேசர்

தேக்காவின் பூசைப் பொருள் கடைகளில் சங்கு வாங்கும் நாம், அதற்காக மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கியவரை நினைப்பதில்லை. சங்கைக் காணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் மைக் வில்சன். ஆங்கிலேயர், ஆயினும் நம் கோயில் ஒன்றின் எச்சங்களைக் கடலடியில் கண்டவர்.

சம்பந்தர் பாடிய திருக்கோணேசுவரத்தைப் போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தனர். கற்களில் பல கோட்டை கட்டப் போயின. சில கடலில் விழுந்தன. அதன் பின்னரும் மக்கள் பாறை உச்சியில் நின்று கடலில் பூத்தூவி வழிபட்டு வந்தனர். 1956இல் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அப்பாறையின் அடியில் முக்குளித்துச் செதுக்கிய தூண்களைக் கண்டனர், படமும் எடுத்தனர். மறு ஆண்டே கிளார்க் அதை நூலில் எழுதினார். வில்சன் பின்னாளில் சுவாமி சிவகல்கி என்னும் துறவியானார், 1995இல் மறைந்தார்.

கடல்கொண்ட குமரிக்கண்டம் பற்றி நம் மேடைகளில் எத்தனை முழக்கம்! கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருமை சான்றாகாது. வில்சன் கண்டவை சில எச்சங்களே. அவற்றை அவரால் படம் பிடித்துக் காட்ட முடிந்தது. தமிழ் படிக்கும் நாம் நீந்தவும் கற்போம். அடுத்து இறங்கிப் பார்ப்பவர் நம்மவராக இருக்கட்டும்.