கூடடையும் நேரம்

வேலி என்பது மனிதன் வகுத்த எல்லை. கோழிக்கு அது, ஏறி நின்று கூவுவதற்கு வாய்த்த ஓர் உயரம், அவ்வளவே. இவ்வுண்மையை நாம் நூலில் கற்கவில்லை, போனக்காட்டில் கற்றோம்.

விதுராவைக் கடந்து, மலைப்பாதை ஏறி முடியும் இடத்தில், அகத்தியமலையின் அடிவாரத்தில் உள்ளது போனக்காடு. அங்குக் கொழுந்து எடுக்க நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களுள் நம்முடையதும் ஒன்று. தேயிலை ஆலையின் ஓசை அடங்கி ஆண்டுகள் பல ஆயின. லயத்து வீடுகளில் எஞ்சியோர் சிலர்; அவருள் நம் அன்னையாரும் ஒருவர். நாமோ திருவனந்தபுரத்தில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். சனிக்கிழமைதோறும் மலையேறுவது வழக்கம்.

அன்னையாரின் தனிமைக்குத் துணையாக மூன்று பெட்டைகளையும் ஒரு சேவலையும் வாங்கிக் கொடுத்தவர் நாமே. இருபத்தொரு நாளில் குஞ்சு பொரியும் என்பதை அறிந்திருந்தோமேயன்றி, அக்கணக்கு எங்கே கொண்டு நிறுத்தும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. பருந்தும் கீரியும் மரநாயும் தத்தம் பங்கைக் கொண்டுபோன பின்னரும், இரண்டே ஆண்டுகளில் நாற்பத்தொன்று ஆயின. குஞ்சுகளுக்குக் குருணையும், ஈரச்சாணமிட்ட பானையைக் கவிழ்த்துப் பிடித்த கறையானும் உணவு. வளர்ந்தவற்றுக்கு மலையே உணவு.

தொல்லைகளும் உடன் வளர்ந்தன. அண்டை வீட்டுச் சித்தியின் அவரை நாற்றுகள் ஒரே காலையில் அழிந்தன. நம் பெட்டைகள் அவர் விறகு அடுக்கில் முட்டையிட, அம்முட்டை எவருக்குரியது என்ற வழக்கு எழுந்தது. முப்பதாண்டு உறவு பேச்சற்றுப் போயிற்று. இருட்டிய பின்னர் அன்னையார் விளக்கேந்தித் தேயிலைச் சரிவில் கோழி தேடுவது நம்மைப் பெரிதும் அச்சுறுத்தியது. யானையும் காட்டெருமையும் இறங்கும் சரிவு அது.

அலுவலக வழக்கப்படி தீர்வு ஒன்றை வரைந்தோம்: கம்பிவலை அடைப்பு, இயலாதேல், அனைத்தையும் விற்றுவிட்டு அன்னையாரை நகருக்கு அழைத்துச் செல்லல்.

"அடைச்சுப் போட்டா அதுவும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன் ஐயா" என்றார் அவர். வலைச்சுருள் திண்ணையிலேயே கிடந்தது.

அவ்வாண்டுக் கோடையில் நோய் வந்தது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், இறக்கை தொங்கல், கழுத்து முறுகல். வெள்ளைக்கழிச்சல் என்று ஊரார் வழங்கும் அதன் மறுபெயர் ராணிக்கேட் நோய். 1920களில் குமாவுன் மலையூராகிய ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் இந்நாட்டில் அப்பெயர் பெற்றது. வந்தபின் மருந்தில்லை. ஒன்பது நாளில் எஞ்சியவை பதினொன்று. சித்தியின் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. நம் கோழி அங்கே கொண்டுசென்றதோ, அவர் கோழி இங்கே கொண்டுவந்ததோ, எவர் சொல்ல இயலும்? அவரையைக் காத்த வேலி நோயைத் தடுக்கவில்லை.

கால்நடை மருத்துவர் ஒருவரை அணுகியபோதுதான் நம் கண் திறந்தது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு. இரண்டு மாதம் கழிந்தபின் ஊசி. செலவு சிறிது. ஆனால் மருந்துக் குப்பி பொதுவாக நூறு கோழிகளுக்கானது. கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும். பதினொரு கோழிக்கு ஒரு குப்பியா? லயம் முழுவதும் சேர்ந்தாலன்றி அம்மருந்து பயன் தராது.

பனிக்கட்டி நிறைந்த குடுவையில் குப்பியைச் சுமந்து மலையேறிய அந்தச் சனிக்கிழமை மாலையில், நாம் முதலில் நின்றது சித்தியின் வாசலில். அவர் புதிதாய் வாங்கிய குஞ்சுகள் பஞ்சாரத்துக்குள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. சற்று நேரம் நம்மையும் குடுவையையும் நோக்கினார். பின்னர், "கொண்டா, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றார். அவ்வளவில் பேச்சு மீண்டது.

இன்று பெட்டை பன்னிரண்டு, சேவல் இரண்டு என்பது நம் வரம்பு. அடைக்கு ஒரு நேரத்தில் ஒரு கோழிதான். பிற முட்டைகள் அன்றன்றே எடுக்கப்படும். மிகுந்த சேவல்கள் சண்டைக்கு நிற்குமுன் விலைக்குப் போகும். பகலில் மேய்ச்சல்; அந்தியில் தாழிட்ட கூடு. அவரை காய்க்கும் மாதங்களில் முற்பகல் வரை கூடு திறப்பதில்லை. அந்தக் கம்பிவலை இப்போது சித்தியின் அவரைப் பந்தலைச் சூழ்ந்து நிற்கிறது. லயத்துக் கோழிகளின் தடுப்பு மருந்துப் பதிவேட்டை நாமே எழுதி வருகிறோம். நாம் மனமுவந்து எழுதும் பதிவேடு அது ஒன்றே.

குறுந்தொகைத் தலைவி ஒருத்தி, தன் இன்துயில் கலைத்த சேவலை, வெருகின் குட்டிக்கு இரையாகுக என்று சினந்தாள். வெருகு உலவும் மலையில் வாழும் நம் அன்னையாருக்கு அச்சினம் வருவதில்லை. அந்தியில் கூட்டருகே அமர்ந்து விரல் மடக்கி எண்ணுகிறார். சென்ற வாரம் எண்ணிக்கை பதினைந்து வந்தது.

"ஒண்ணு கூடுதலா இருக்கே அம்மா?" என்றோம்.

"அவ வீட்டுக் கோழி. கெடக்கட்டும், காலையில போகும்" என்று தாழிட்டார்.