கூச்சம் எண்டால்

வெயிலுக்குக் கண் கூசும். புளிமாங்காய் கடிச்சால் பல் கூசும். ஆக்களுக்கு முன்னால் எழும்பிக் கதைக்கவும் கூசும். மூன்றுக்கும் எங்களுக்கு ஒரே சொல்தான். கூச்சத்தைக் குணக்குறை மாதிரிப் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லவேணும், அது உடம்பில் நடக்கிற விசயம். காது சூடாகும், கையை எங்கே வைக்கிறதெண்டு தெரியாது.

ஸ்கந்தபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் கம்பஸுக்கு வந்த நாங்கள் கலைப்பீட வகுப்புகளில் பெரும்பாலும் கடைசி வாங்கு. கிரவல் றோட்டுப் புழுதி பிடிச்ச செருப்பை வாங்குக்குக் கீழே இழுத்துக்கொள்வோம். பிரசென்டேசன் எண்டால் முதல்நாள் இரவே வயிறு கலக்கும். "வன்னியிலை எவடம்?" எண்டு ஆரும் சும்மா கேட்டாலும் எங்களுக்குள் ஒரு கணக்குத் தொடங்கிவிடும். கதையிலை பிடிச்சாரோ, உடுப்பிலை பிடிச்சாரோ?

உளவியலில் இதற்கொரு பரிசோதனை இருக்கிறது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் செய்து 2000இல் வெளியிட்டது. பாடகர் பாரி மனிலோவின் படம் போட்ட ரீசேட் ஒன்றை மாணவர்களுக்குப் போட்டு, ஆக்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அங்கத்தைய பெடியளுக்கு அது வெட்கக்கேடான ரீசேட்டாம். (எங்களுக்கெண்டால் அந்தாள் ஆரெண்டே தெரியாது.) கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

வாசிக்கச் சந்தோசமாய்த்தான் இருந்தது. செருப்பு விசயத்தில் நாங்கள் அதை நம்பவும் தொடங்கிவிட்டோம்.

ஆனால் எல்லாக் கூச்சமும் ரீசேட் கூச்சம் இல்லை. 2009இல் வன்னிச் சனம் செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்தபோது எங்களுக்கு ஆறேழு வயது. பதிவுக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, தண்ணிக்கு வரிசை. சுத்திவர ஆக்கள், சுத்திவரக் கண். ஒருத்தர் குளிக்க ரெண்டுபேர் சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே 'பார்க்கினம்' எண்டது மனப்பிரமை இல்லை. அதனால்தான் "ஒருத்தரும் உன்னைப் பார்க்கேல்லை, கூச்சத்தை விடு" என்கிற புத்திமதி எங்கடை அம்மாமாரிடம் எடுபடாது. கோர்னெல் கணக்கு அவைக்குப் பிழைச்சுப்போகும்.

இப்ப ஊரில் வீடு இருக்கிறது. கொண்டி போட்ட குளியலறையும் இருக்கிறது. எங்களில் ஒருத்தியின் அம்மா இன்னும் விடியமுதல், லைற் போடாமல்தான் குளிக்கிறா.