தேதியை முன்னால் இழுத்தவன்

நாங்கள் செய்த கையடக்க கேம் கருவி விற்காமல் போனதற்கு, கேம் எழுதிக் கொடுத்தவர்கள் தாமதித்ததுதான் காரணம் என்று நிர்வாகத்துக்கு அறிக்கை கொடுத்தவன் நான். அந்த அறிக்கை பொய். திட்டத்துக்குத் தலைவனாக இருந்தவன் நான். வெளியீட்டுத் தேதியைத் தீபாவளிக்கு முன்பாக இழுத்ததும் நான், அதைக் கேம் எழுதுபவர்களுக்குக் கடைசியாகச் சொன்னதும் நான்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. செகா நிறுவனத்தின் கேம் கன்சோலான சாட்டர்ன் எப்படி விழுந்தது என்பதை, புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு உட்காரவைத்து விளக்கியவன் நான்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செகாவை நிமிர்த்தியவர் டாம் காலின்ஸ்கி. மேட்டல் பொம்மை நிறுவனத்தில் முன்பு பெரிய பொறுப்பில் இருந்தவர். ஜெனிசிஸ் கருவியின் விலையைக் குறைப்போம், கையில் இருப்பதிலேயே சிறந்த கேமான சோனிக்கை அதனுடன் சேர்த்தே கொடுப்போம் என்றார். ஜப்பானியத் தலைமையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இருந்தும் தலைவர் ஹயாவோ நாகயாமா அவர் போக்கிலேயே செய்யவிட்டார். நிண்டெண்டோவின் கோட்டையாக இருந்த சந்தையில் செகா அதற்கு நிகராக வந்து நின்றது.

சாட்டர்ன் வந்ததும் அதே நாகயாமாவின் காலத்தில்தான். 1994 நவம்பரில் ஜப்பானில் வெளியானபோது, வாங்கியவர்களில் அநேகமாக எல்லோரும் விர்ச்சுவா ஃபைட்டர் கேமையும் சேர்த்து வாங்கினார்கள். ஜனங்கள் கேமுக்காகத்தான் பெட்டியை வாங்குகிறார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் அதே மாதம் அமெரிக்காவில், பழைய ஜெனிசிஸின் மேல் பொருத்தும் 32எக்ஸ் என்ற துணைக்கருவியைச் செகா விற்கத் தொடங்கியது. எதை வாங்குவது என்று வாடிக்கையாளர் விழித்தார், எதற்காக எழுதுவது என்று கேம் எழுதுபவரும் விழித்தார்.

சாட்டர்னுக்குள் இரண்டு ஹிட்டாச்சி எஸ்எச்-2 சிப்கள். காகிதத்தில் பார்த்தால் பிரமாதம். ஆனால் இரண்டும் ஒரே பாதை வழியாகத்தான் நினைவகத்தைத் தொட முடியும், ஒன்று போகும்போது மற்றது காத்திருக்க வேண்டும். முக்கோணங்களைக் கொண்டு முப்பரிமாணம் வரையும் முறை பரவிக்கொண்டிருந்தபோது சாட்டர்ன் நாற்கரங்களைக் கொண்டு வரைந்தது. போட்டிக்கு வந்த சோனி, தன் பிளேஸ்டேஷனுக்கு சி மொழியில் எழுதும்படி நல்ல லைப்ரரிகளைத் தயாராகக் கொடுத்தது. செகாவின் ஆரம்பகாலக் கருவிகள் போதாமல் அசெம்பிளியில் இறங்கி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இதையெல்லாம்கூடக் காலம் கொடுத்திருந்தால் சரிசெய்திருக்கலாம். கொடுக்கவில்லை. சாட்டர்ன் 1995 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவுக்கு வரும் என்று அறிவித்திருந்தார்கள். மே 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில் முதல் இ3 கண்காட்சி. காலின்ஸ்கி மேடையேறி, சாட்டர்ன் இப்போதே கடைகளில் கிடைக்கிறது, விலை 399 டாலர் என்றார். தேதியை முன்னால் இழுத்தது ஜப்பானியத் தலைமை. காலின்ஸ்கிக்கு அதில் உடன்பாடில்லை. சில கடைகளுக்கு மட்டும் சரக்கு போயிருந்தது. விடுபட்ட கேபி டாய்ஸ் கடை நிறுவனம், இனி சாட்டர்னையே விற்பதில்லை என்று முடிவெடுத்தது. அதைவிடப் பெரிய அடி கேம் எழுதியவர்களுக்கு. செப்டம்பரை நம்பி வேலை செய்துகொண்டிருந்த வெளிநிறுவனங்களுக்கு இது முன்கூட்டித் தெரியாது. வெளியீட்டு நாளில் இருந்தவை செகாவே வெளியிட்ட சில கேம்கள்தான். அதே கண்காட்சியில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து, பிளேஸ்டேஷனின் விலை 299 என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

சாட்டர்னுக்காகத் தொடங்கிய சோனிக் எக்ஸ்-ட்ரீம் வெளிவராமலே கைவிடப்பட்டது. காலின்ஸ்கி 1996-இல் விலகினார். முடிவில் சாட்டர்ன் விற்றது சுமார் 90 லட்சம், பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது. அடுத்து வந்த டிரீம்காஸ்டுக்கு அருமையான கேம்கள் இருந்தன. ஆனாலும் கேம் நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதற்கு ஒரு கேம்கூடத் தரவில்லை. 2001-இல் செகா கன்சோல் தயாரிப்பையே விட்டுவிட்டது.

இத்தனையும் தெரிந்தவன்தான் நான். மொத்த வியாபாரி ஒருவர் தீபாவளிக்குச் சரக்கு கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார். முடியாது என்று சொல்லும் அதிகாரம் முழுக்க என்னிடம் இருந்தது. காலின்ஸ்கிக்காவது மேலிடத்து உத்தரவு இருந்தது, எனக்கு அதுவும் இல்லை. போர்டு என்னுடைய வடிவமைப்பு. அது சொன்ன நாளுக்கு முன்பே தயாராகிவிட்டது என்று எல்லோரும் பேச வேண்டும் என்ற ஆசை எனக்கு.

கேம் குழுவை நடத்திய பெண் என் மேசைக்கே வந்தார். "சார், ரெண்டு கேம்தான் முழுசா இருக்கு. சேவ் பண்ற பகுதி இன்னும் சரியாகலை. இதை வச்சு எப்படி சார் விக்கிறது?" என்று கேட்டார். "பெட்டி கடைக்குப் போகட்டும், கேம் பின்னாடி வரட்டும்" என்றேன். சாலிடர் பிடித்த கைகளுக்குக் கொடுத்த மரியாதையை நான் கேம் எழுதியவர்களுக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. அவர்கள் என் மனதில் ஒப்பந்தக்காரர்கள், பெட்டி முடிந்த பிறகு வந்து வெள்ளையடிப்பவர்கள். டெவலப்மென்ட் போர்டுகளைக்கூட அவர்களுக்குத் தாமதமாகத்தான் கொடுத்தேன். அறிக்கையில் அதையும் எழுதவில்லை.

பிள்ளைகள் அந்த இரண்டு கேம்களையும் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். அதற்குமேல் விளையாட ஒன்றுமில்லை. பொங்கலுக்குள் கடைக்காரர்கள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். யார் பொறுப்பு என்று நிர்வாகம் கேட்டது. நான் அந்த அறிக்கையை எழுதினேன். அதை நம்பித்தான் கேம் குழுவின் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள், கடைசித் தவணையையும் நிறுத்தினார்கள். தாமதப்படுத்துகிறவர் என்ற பெயர் அந்தப் பெண்ணைத் தொடர்ந்தது. அது எந்த அளவுக்கு அவரைப் பாதித்தது என்று விசாரிக்கும் துணிவுகூட எனக்கு வரவில்லை. வகுப்பெடுப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. நாகயாமா செய்த தவறுகளை அதே குரலில், அதே உறுதியோடு சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த நிறுவனம் இப்போது இல்லை. அன்று நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு, அறிக்கையில் எது எது பொய் என்று பத்தி பத்தியாகக் குறித்து எழுதியிருக்கிறேன். அதன் நகல் அந்தப் பெண்ணுக்கும் போயிருக்கிறது. நிறுத்திவைத்த தவணையை என் கையிலிருந்து கொடுக்க அனுமதி கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் பதில் எழுதவில்லை. எழுத வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.