பட்டியலில் இல்லாத ஊசி

ஒக்டோபர் 7

இன்று கிளினிக். காலை எட்டு மணிக்கே வாங்குகள் நிறைந்துவிட்டன. பள்ளிமுனை, எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு என்று மன்னார்த் தீவின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைத்தாச்சிகள். எல்லோர் கையிலும் கிளினிக் கார்ட்டும் தண்ணீர்ப் போத்தலும். நிறை பார்த்து, பிறஷர் பார்த்து, வயிறு பார்த்து முடிய ஏற்பூசி. முதல் பிள்ளைக்கு இரண்டு போட்டார்கள், இது இரண்டாவது என்பதால் ஒன்று போதுமென்று மிஸ்ஸி சொன்னார். சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன். என்ன மருந்து, எந்த நாட்டில் செய்தது, போட்டால் என்ன செய்யும் என்று நானும் கேட்கவில்லை, எனக்குப் பின்னால் நின்றவர்களும் கேட்கவில்லை. இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம், திரிபோஷ பக்கற் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாயிற்று.

இரவு லண்டனிலிருந்து மச்சாள் எடுத்தா. "புளூ ஊசி போட்டாச்சோ?"

"அப்பிடி ஒண்டு இஞ்ச கிளினிக்கில தாறேல்லையே."

அவவால் நம்ப முடியவில்லை. பிரித்தானியாவில் 2010 தொடக்கம் கர்ப்பிணிகளுக்கு அது இலவசம். உலக சுகாதார நிறுவனமும் 2012இல், இன்புளுவென்சாத் தடுப்பூசி போடும் நாடுகள் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் கொடுக்கவேண்டும் என்று எழுதியது. எங்கள் நாட்டுக் கர்ப்பிணிகளின் வழமையான தடுப்பூசிப் பட்டியலில் அது இல்லை. வேண்டுமென்றால் தனியாரிடம் காசு கொடுத்துப் போடலாம். ஏற்பூசிக்கு நான் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, அரசாங்கமே எனக்காக யோசித்து முடித்திருந்தது. இதற்கு நான்தான் யோசிக்கவேண்டும்.

ஒக்டோபர் 15

நான் படிப்பிக்கிற இரண்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருமுகின்றன. கொப்பி திருத்துகிற மேசையில் வந்து சாய்ந்துகொண்டு என் முகத்துக்கு நேரே தும்முகின்றன. அள்ளி அணைக்கவும் வேண்டியிருக்கிறது, தள்ளி நிற்கவும் வேண்டியிருக்கிறது.

அம்மாவிடம் ஊசிக் கதையைச் சொன்னேன். "தடிமனுக்கும் ஊசியோ? கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிச்சுக் குடி. ஏழு பெத்தவளின்ர மகள் நான், ஆர் ஊசி போட்டது?"

தடிமனைப் பொறுத்தவரை அம்மா சொல்வது சரி. சாதாரணத் தடிமனைத் தருவது வேறு வைரசுகள். புளூ ஊசி அவற்றை ஒன்றும் செய்யாது. இன்புளுவென்சாவின் வரத்து வேறு: காலையில் நன்றாக இருந்தவர் பின்னேரம் கடும் காய்ச்சலும் உடம்பு முறிகிற நோவுமாகப் படுத்துவிடுவார். பெரும்பாலானோர் ஒரு கிழமையில் எழும்பிவிடுவார்கள். பிள்ளைத்தாச்சியின் உடம்புக்குத்தான் அந்தச் சலுகை குறைவு. வயிறு வளர வளர நுரையீரல் விரிய இடம் சுருங்குகிறது. இதயம் இரண்டு உயிருக்கு இரத்தம் இறைக்கிறது. வயிற்றுப் பிள்ளையை அந்நியமென்று தள்ளிவிடாமல் இருக்க, நோயெதிர்ப்பும் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. இந்த நிலையில் சளி நெஞ்சுக்கு இறங்கினால் நிமோனியா.

இலங்கையில் இன்புளுவென்சா வருடத்தில் இரண்டு முறை உச்சத்துக்குப் போகும்: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை மற்றது. எனக்குப் பெப்ரவரி நடுவில் நாள் குறித்திருக்கிறார்கள். இரண்டாவது உச்சம் முழுவதையும் பெரிய வயிற்றோடு கடக்கப்போகிறேன்.

ஒக்டோபர் 26

தலைமன்னாரில் பெரியம்மா வீட்டில் ஒரு விசேஷம். சாப்பிட்டு முடிய எல்லோருமாகப் பியர் பக்கம் நடந்தோம். பழைய இறங்குதுறையின் கால்கள் உப்பில் அரித்துப்போய் நிற்கின்றன. 1914இல் இந்த ரயில் பாதையும் தனுஷ்கோடிக் கப்பலும் சேர்ந்து இந்தியாவையும் இலங்கையையும் ஒரே ரிக்கெற்றில் இணைத்தன. 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை சனமும் சரக்கும் இந்த வழியால் வந்தன.

நோயும் இந்த வழியால் வந்தது. 1918 இன்புளுவென்சா இலங்கைக்குள் பரவிய விதத்தை மாவட்டம் மாவட்டமாக ஆராய்ந்தவர்கள் இரண்டு வாசல்களைக் காட்டுகிறார்கள்: ஒன்று கொழும்புத் துறைமுகம், மற்றது தலைமன்னார். இழப்பு ஏறக்குறைய 307,000 பேர், அதாவது அன்றைய சனத்தொகையில் 6.7 சதவீதம் என்பது அவர்களின் மதிப்பீடு. முந்திய கணக்குகளைவிட இது மிகவும் அதிகம். பதியப்படாமல் போன சாவுகளோடு, அந்தக் காலத்தில் குறைந்துபோன பிறப்புகளும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு இது புதினம். "எங்கட துறையாலயோ?" என்று இரண்டு தரம் கேட்டா.

அந்தக் கொள்ளைநோயில் கர்ப்பிணிகள் பட்டபாட்டை அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1919இல் கணக்கெடுத்தார். நோய் கண்ட 1,350 கர்ப்பிணிகளில் 27 சதவீதமானோர் இறந்திருந்தார்கள். அன்று அன்ரிபயோரிக்கும் இல்லை, இன்றுபோல் ஒட்சிசன் வசதியும் இல்லை என்று ஆறுதல் சொல்லலாம். எல்லாம் இருந்த 2009இல் எச்1என்1 வந்தபோது அமெரிக்காவில் இறந்தவர்களில் ஏறக்குறைய 5 சதவீதமானோர் கர்ப்பிணிகள். அந்த நாட்டுச் சனத்தொகையில் கர்ப்பிணிகளின் பங்கோ ஒரு சதவீதம் அளவுதான்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். பூசை முடிந்து மெழுகுதிரி ஏற்றிவிட்டு வரும்போது மாமி மெல்லக் கேட்டா: "மகள், ஊசியப் போட்டு வயித்துப் பிள்ளைக்கு ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ள எனக்கு மனமில்லை. 2024இல் பிரசவத்தை ஒட்டித் தாய்மார் இறந்தபோது மன்னார் சனம் வீதியில் இறங்கி நீதி கேட்டது. மாமியின் பயம் அங்கிருந்து வருகிறது. 'ஒண்டும் ஆகாது' என்ற ஒரு சொல்லால் அதை ஆற்ற முடியாது. தேடிப் படித்ததில் பயத்துக்குச் சார்பாக இருப்பதையும் எதிராக இருப்பதையும் எழுதிவைக்கிறேன்.

அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு, தொடர்ந்து இரண்டு வருடம் புளூ ஊசி போட்டவர்களில், கர்ப்பத்தின் ஆரம்பத்தில் போட்டிருந்தால் கருச்சிதைவு கூடக்கூடும் என்று சந்தேகப்பட்டது. ஆய்வு செய்தவர்களே அதை மூடி மறைக்காமல், அடுத்த மூன்று பருவங்களில் இன்னும் பெரிய தொகைப் பெண்களை எடுத்துத் திரும்பப் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவு: அப்படியொரு தொடர்பு இல்லை.

எங்கள் நாட்டிலும் ஒரு முன்கதை உண்டு. 2008 ஜனவரியில் குழந்தைகளுக்கு ஐந்து நோய்க்கான கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கினார்கள். போட்ட பிறகு சில குழந்தைகள் இறந்ததாகத் தகவல் வர, ஏப்ரலில் நிறுத்தினார்கள். ஆராய்ந்து, 2010இல் மீண்டும் தொடங்கினார்கள். இன்று அதுதான் எல்லாக் குழந்தைக்கும் போடப்படுகிறது. சந்தேகம் வந்தால் நிறுத்துவதும், பார்த்துவிட்டுத் தொடங்குவதும் நடக்கிற ஒழுங்கை என்னால் நம்பமுடியும்.

மாமிக்கு இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "டொக்டரிட்டயும் ஒருக்காக் கேள்" என்றா.

நவம்பர் 10

குடும்பநல மாது வீட்டுக்கு வந்தார். மழைக்கோட்டைக் கழற்றித் திண்ணையில் போட்டுவிட்டு, வாளிகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறோமா என்றுதான் முதலில் பார்த்தார். டெங்குக் காலம்.

"மிஸ்ஸி, புளூ ஊசி போடலாமோ?"

"எங்கட லிஸ்ற்றில இல்ல பிள்ள. நான் போடு எண்டு எழுதித் தர ஏலாது, வேண்டாம் எண்டும் சொல்லமாட்டன். மகப்பேற்று டொக்டர், வீ.ஓ.ஜி.யிட்டக் கேளுங்கோ." சற்று நிறுத்திச் சொன்னார்: "ஊசி போட்டாலும் போடாட்டியும் ஒண்டு. காய்ச்சல் வந்த முதல் நாளே ஆசுப்பத்திரிக்கு வரவேணும். மூண்டு நாள் பாப்பம் எண்டு இருக்கக் கூடாது. பனடோலத் தவிர வேற நோக் குளிசை தொடக் கூடாது."

இந்த இரண்டாவது பேச்சை எல்லா வீட்டுச் சுவரிலும் எழுதவேண்டும். காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். டெங்கு என்றால் சில நோக் குளிசைகள் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். இன்புளுவென்சா என்றால் அதற்குரிய மருந்து முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன் தரும்.

நவம்பர் 17

டொக்டரைக் கண்டேன். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. வரிசை நீளம், அவருக்கு நேரம் குறைவு.

உயிருள்ள கிருமி உள்ளதா? கையில் போடும் ஊசியில் இல்லை. அதனால் ஊசியே புளூவைத் தராது. மூக்கில் விசிறும் வகையொன்று உண்டு, அதில் பலவீனப்படுத்திய கிருமி உயிரோடு இருக்கும், அதைக் கர்ப்பிணிக்குக் கொடுப்பதில்லை. எந்த மாதத்தில் போடலாம்? எந்த மாதத்திலும். முன்பு ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் தவிர்க்கவேண்டும். போன வருடம் போட்டிருந்தால் போதாதா? போதாது. வைரசு உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியின் சேர்மானத்தையும் பருவத்துக்குப் பருவம் மாற்றுகிறார்கள்.

கடைசியாக, "உண்மையா எவ்வளவு காக்கும்?" என்றேன். அவர் சுருக்கமாகச் சொன்னதை வீட்டுக்கு வந்து தேடி நிரப்பினேன். டாக்காவில் 340 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புளூ ஊசியும் மற்றதற்கு நிமோனியாக் கிருமிக்கான ஊசியும் கடைசி மூன்று மாதத்தில் போட்டார்கள். முடிவு 2008இல் வெளிவந்தது. புளூ ஊசி போட்ட தாய்மாரின் கைக்குழந்தைகளில் 6 பேருக்கும் மற்றப் பிரிவில் 16 பேருக்கும் இன்புளுவென்சா உறுதியாயிற்று, அதாவது 63 சதவீதக் குறைவு. தென்னாபிரிக்காவில் பிறகு பார்த்தபோது தாய்க்கும் பிள்ளைக்கும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. நேபாளத்தில் குழந்தைகளுக்கு 30 சதவீதம்தான், ஆனால் அங்கே நிறை குறைந்து பிறந்த பிள்ளைகளும் குறைந்தார்கள். ஆக, இது முழுக் கவசம் என்று யாரும் சொல்லவில்லை.

என் மனதைத் திருப்பியது வேறொரு விசயம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குப் புளூ ஊசியே கிடையாது. அந்த ஆறு மாதமும் பிள்ளைக்கு இருக்கக்கூடிய எதிர்ப்பு, என் இரத்தத்திலிருந்து தொப்புள்கொடியால் போவதும் தாய்ப்பாலால் போவதும்தான். பிள்ளைக்காகப் போட ஆள் நான் ஒருத்திதான்.

நவம்பர் 22

யாழ்ப்பாணம். மன்னாரில் அந்த நேரம் ஊசி கிடைக்கவில்லை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வருகிற மருந்தும் இல்லை இது, 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டும். ஆகவே ஊசி இருக்கிற இடத்துக்கே போனோம். பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி, குழியும் மழையுமாகப் பயணம். வாடைக்காற்றால் என் கணவருக்கு வடகடலில் தொழில் குறைவு. ஊசிக் காசும் வான் காசும் சேர்ந்தபோது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது.

தாதி குளிர்ப்பெட்டியைத் திறக்கமுன் கதவில் இருந்த வெப்பமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார். ஊசிப் பெட்டியை என்னிடம் நீட்டி, எந்தப் பருவத்துக்கானது, எப்போது காலாவதி என்பதை என்னையே வாசிக்கச் சொன்னார். அரை மில்லிலீற்றர், இடக்கை. மருந்தின் தொகுதி இலக்கத்தைக் கிளினிக் கார்ட்டில் எழுதித் தரக் கேட்டேன், எழுதித் தந்தார். அரை மணித்தியாலம் இருந்து பார்த்துவிட்டு எழும்பினோம். இரவு கை உளைந்தது. ஒரு பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. காலையில் அதுவும் போய்விட்டது.

டிசம்பர் 8

எதிர்ப்பு ஊற இரண்டு கிழமை வேண்டும், அது கடந்துவிட்டது. வகுப்பில் இப்போது இருமலோடு காய்ச்சலும் நிற்கிறது. நான் முகக்கவசத்தோடு படிப்பிக்கிறேன். ஊசி போட்டதால் கவனத்தை விடலாம் என்றில்லை.

இனி என் தீர்ப்பு. போட்டது சரி. கையில் காசும், போக வாகனமும், கேட்க ஒரு மச்சாளும் இருந்ததால் போட முடிந்தது என்பது சரியில்லை. கூலிக்குப் போகிற வீட்டில் இந்த ஊசி ஒரு நாள் உழைப்புக்கு மேல் விழுங்கும். வங்காலையிலோ சிலாவத்துறையிலோ வாடியில் இருக்கிற பிள்ளைத்தாச்சிக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. 2016இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் தாய் சேய் ஏற்புவலி ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கேள்வி கேட்காமல் கை நீட்டிய கோடிக்கணக்கான பெண்களுக்குப் பின்னால் ஒரு இலவசப் பட்டியல் இருந்ததால்தான் அது நடந்தது. 2021 ஜூனில் கொவிட் ஊசியைக் கர்ப்பிணிகளுக்குப் போடத் தொடங்கியபோது, அதே கிளினிக்கும் அதே மாதுமாரும்தான் அதைச் சனத்திடம் கொண்டுபோனார்கள். பாதை இருக்கிறது. குறைந்தது உச்சக் காலங்களில் நிறைமாதமாகப் போகும் தாய்மாருக்காவது சுகாதார அமைச்சு இந்த ஊசியைப் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

அதுவரை, வயிற்றில் பிள்ளையோடு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. அடுத்த கிளினிக்கில் உங்கள் மாதுவிடமும் டொக்டரிடமும் புளூ ஊசியைப் பற்றிக் கேளுங்கள். போட முடியாவிட்டால், காய்ச்சல் வந்த முதல் நாளே ஆசுப்பத்திரிக்குப் போங்கள். இரண்டாவதற்குக் காசு தேவையில்லை.