கேட்பவருக்கு விளங்கும் மொழி

நற்செய்தி நூல்களில் 'சீடன்' என்று தமிழில் வழங்கும் இடங்களில், மூலத்தில் இருப்பது 'மாத்தேத்தேஸ்' என்னும் கிரேக்கச் சொல். கற்றலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. கற்றுக்கொண்டிருப்பவன் என்று பொருள்படும். அந்தக் கற்றல் எதை நோக்கியது என்று கேட்டால் விடையாக வருவது 'பசிலேயா'. தமிழின் பழைய மொழிபெயர்ப்பு அதை 'தேவனுடைய ராஜ்யம்' என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'இறையாட்சி' என்கிறது. கிரேக்கச் சொல் இரண்டையும் தாங்கும். ஆனால் ராஜ்யம் என்றதும் ஓர் இடமும் அதன் எல்லைகளும் மனத்தில் எழுகின்றன. ஆட்சி என்றதும் ஒரு நடப்பு எழுகிறது: யார் முதலில் உண்கிறார்கள், யார் பேச்சு கேட்கப்படுகிறது, யார் காலை யார் கழுவுகிறார்கள் என்னும் அன்றாட ஒழுங்கு.

மீனவரும் வரி வசூலிப்பவரும் சீடரானபோது வலையையும் சாவடியையும் விட்டு எழுந்தார்கள் என்று நற்செய்திகள் சொல்கின்றன. கல்வியே உடைமையாகக் கொண்ட ஒருவர் சீடரானால் எதை விட்டு எழ வேண்டும்? இந்தியாவில் இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்தவர்களுள் முதன்மையானவர் பண்டித ரமாபாய்.

1858இல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், சித்பாவன பிராமணக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே, பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்ற வழக்கை மீறித் தம் மனைவிக்குக் கற்பித்தவர். அந்தத் தாயிடமிருந்தே ரமாபாய் சமஸ்கிருதம் கற்றார். பாகவத புராணத்தை மனனம் செய்தார். குடும்பம் தீர்த்தத் தலங்கள்தோறும் நடந்து, கோயில் மண்டபங்களிலும் மரத்தடிகளிலும் புராணம் வாசித்து, கேட்போர் இடும் காணிக்கையில் வாழ்ந்தது.

அந்த வாசிப்பைப் பற்றிப் பின்னாளில் தம் சாட்சியத்தில் ரமாபாய் குறித்துவைத்த செய்தி ஒன்று மொழி பயில்வோர் மனத்தில் தங்கக்கூடியது. வாசிக்கப்பட்டது சமஸ்கிருதம், கேட்டவர்களுக்கு அது விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல வேண்டிய கடமையும் வாசிப்பவருக்கு இல்லை. ஒலி காதில் விழுந்தாலே புண்ணியம் என்ற நம்பிக்கை இரு தரப்புக்கும் போதுமானதாக இருந்தது.

1870களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் பற்றியது. காணிக்கை நின்றது. உடல் உழைப்பு அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளச் சாதிப் பெருமை விடவில்லை. பிச்சை கேட்க நா எழவில்லை. இதை ரமாபாய் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பசியில் தந்தையும் தாயும் அக்காளும் மாண்டனர். எஞ்சிய அண்ணனும் அவரும் கால்நடையாக நாட்டைக் கடந்து 1878இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்கே அறிஞர் அவை அவருடைய புலமையைச் சோதித்து வியந்து, 'பண்டிதா', 'சரஸ்வதி' என்னும் பட்டங்களை வழங்கியது. பசிக்கு உதவாத சமஸ்கிருதம் இருபது வயதில் அவரைப் புகழின் உச்சியில் ஏற்றியது.

அண்ணன் இறந்தார். சாதி கடந்து மணந்த வங்காளக் கணவர் பிபின் பிகாரி மேதாவி 1882இல் இறந்தார். கைக்குழந்தை மனோரமாவுடன் விதவையான ரமாபாய், 1883இல் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு இங்கிலாந்து சென்றார். செவித்திறன் குறைந்தது அதற்குத் தடையாயிற்று. வாண்டேஜ் நகரின் ஆங்கிலிக்கக் கன்னியர் அவருக்கு இடமளித்தனர். இலண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில் அக்கன்னியர் நடத்திய இல்லம் ஒன்றை அவர் கண்டார். ஊரார் 'கெட்டுப்போனவர்கள்' என ஒதுக்கிய பெண்களை அங்கே அன்போடு பேணினார்கள். அதற்குக் காரணம் கேட்டபோது, சமாரியப் பெண்ணோடு இயேசு கிணற்றடியில் பேசிய பகுதியை அவருக்கு வாசித்து விளக்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ரமாபாய் ஞானஸ்நானம் பெற்றார். அவர் மனத்தை அசைத்தது, ஒதுக்கப்பட்டவளுக்கு முதலிடம் தரும் ஒரு நடப்பு. இறையாட்சி என்ற மொழிபெயர்ப்பு அதற்குத்தான் கூடுதலாகப் பொருந்துகிறது.

சீடத்துவத்தைக் கீழ்ப்படிதல் என்று மட்டும் புரிந்துகொள்பவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளின் கடிதங்கள் சங்கடம் தருபவை. செல்டனம் பெண்கள் கல்லூரியில் அவர் சமஸ்கிருதம் கற்பித்துக்கொண்டே படித்த காலம் அது. ஆண் மாணவர்களுக்கு அவர் பாடம் சொல்லக் கூடாது என்று ஆயர்கள் தடுத்தபோது, அவர் கடுமையாக எதிர்த்தார். திரித்துவம் முதலிய கோட்பாடுகளைத் தம் அறிவுக்கும் மனச்சான்றுக்கும் விளங்கும்வரை ஏற்க மறுத்தார். திருச்சபையின் உறுப்பினராக இருப்பது, குருமார் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டுப்படுவதாகாது என்பது அவர் நிலை. அக்கடிதங்களில் ஒரு சிலுவையைப் பற்றிய வாதமும் உண்டு. அதில் பொறித்திருந்த இலத்தீன் சொற்கள் தமக்கோ இந்தியாவில் இருக்கும் சகோதரிகளுக்கோ விளங்காதவை. இலத்தீனுக்குச் சமஸ்கிருதத்தில் இல்லாத மேன்மை ஏது என்று அவர் கேட்டார். தந்தை காலத்து மண்டபத்தில் கேட்டவர்களுக்கு விளங்காத ஒலி, வேறொரு சமயத்தின் புனித மொழியாக மறுபடியும் அவர் எதிரே நின்றது. ஆனால் அன்று அவர் முன்வைத்த மாற்று, சமஸ்கிருதமே. இந்தியப் பெண்களுள் அதைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்ற கேள்வி அப்போது அவருக்கு எழவில்லை.

அக்கேள்வியை எழுப்பியது மற்றொரு பஞ்சம். 1889இல் பம்பாயில் அவர் தொடங்கி, மறு ஆண்டு புனேவுக்கு மாற்றிய சாரதா சதன், பெரும்பாலும் மேல்சாதி விதவைகளுக்கானது. அவர்களுடைய ஆசாரங்களுக்கும் இடமளித்தது. சமய நடுநிலை அதன் வாக்குறுதி. சில மாணவிகள் கிறிஸ்தவத்தின்பால் ஈர்க்கப்பட்டதும், 1893இல் ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பல பெற்றோர் பெண்களை அழைத்துச் சென்றனர். கதவைத் திறந்துவைத்துத் தாம் ஜெபித்ததில் தவறில்லை என்றார் ரமாபாய். தம்மையே நம்பியிருக்கும் இளம் விதவைகள் முன் திறந்துவைத்த கதவு எவ்வளவு நடுநிலையானது என்று கேட்டவர்களின் கேள்வியும் இன்றுவரை உயிரோடிருக்கிறது. அவர் வாழ்வைச் சீடத்துவத்தின் உதாரணமாகச் சொல்பவர்கள் அதைக் கடந்து போய்விடக் கூடாது.

1896-97இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் பரவியபோது ரமாபாய் அங்கே சென்றார். எலும்பும் தோலுமான சிறுமிகளிடம் அவர் கண்டது தம் இளமையை. நூற்றுக்கணக்கானவர்களைப் புனேவுக்குக் கிழக்கே சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள கேட்காவுக்கு அழைத்துவந்தார். இம்முறை சாதி கேட்கப்படவில்லை. 'முக்தி' என்ற பெயரில் வளர்ந்த அந்த இல்லத்தில் நெசவு, வேளாண்மை, எண்ணெய் ஆட்டுதல், அச்சுத் தொழில் ஆகியவற்றைப் பெண்கள் கற்றார்கள். உழைக்கத் தெரியாததால் மாண்ட ஒரு குடும்பத்தின் மகள், உழைப்பைக் கல்வியின் நடுவில் வைத்தார். ஃபுல்ஹாமில் கண்ட இல்லத்தைப் போன்றதொன்று 'கிருபா சதன்' என்ற பெயரில் அங்கே எழுந்தது. பார்வையற்றோர் பிரெய்ல் கற்றனர்.

இந்தப் பெண்களின் நடுவில்தான் அவருடைய கடைசிப் பெரும் பணி தொடங்கியது. அப்போது வழங்கிய மராத்தி விவிலியத்தின் நடை, சமஸ்கிருதச் செறிவால் எளிய பெண்களுக்கு எட்டவில்லை என்று அவர் கருதினார். நடு வயதில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, மூலத்திலிருந்து முழு விவிலியத்தையும் எளிய மராத்தியில் மொழிபெயர்க்க முனைந்தார். அச்சுக் கோத்தவர்களும் முக்தியின் பெண்களே. எபிரேய, கிரேக்க எழுத்துகளைக் கூட அவர்கள் கோத்தார்கள். வேத ஒலி காதில் விழக் கூடாதென்று விலக்கிவைக்கப்பட்ட குலங்களிலிருந்தும் வந்த பெண்கள், மறைநூல் ஒன்றின் மூல மொழி எழுத்துகளைக் கையில் எடுத்து வரிசைப்படுத்தினார்கள்.

அந்த மொழிபெயர்ப்பைப் புகழ்வதோடு நிறுத்துவது ஆய்வாகாது. இந்து சமயச் சாயலுடையவை என்று தாம் கருதிய சமஸ்கிருதச் சொற்களை ரமாபாய் விலக்க முயன்றார். ஆனால் சாமானியரின் மராத்தியிலேயே அத்தகைய சொற்கள் பல கரைந்திருந்தன. நாவில் புழங்கும் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது பேசுபவரின் கவலையன்று. எளிமைக்காகச் செய்த விலக்கலும் தூய்மைக்காகச் செய்த விலக்கலும் ஒன்றோடொன்று கலந்தபோது, இரண்டாவது முதலாவதன் நோக்கத்தையே சில இடங்களில் கெடுத்திருக்கக்கூடும். அந்த விவிலியம் மராத்தியத் திருச்சபைகளில் பரவலான வழக்குக்கு வரவில்லை.

எனினும் அவர் எதைக் கீழே வைத்தார் என்பதை அளந்து பார்க்க வேண்டும். பொன்னும் நிலமும் ரமாபாயிடம் பரம்பரையாக வந்ததில்லை. வந்தது சமஸ்கிருதம் ஒன்றே. தாய் தந்த செல்வம் அது. கல்கத்தாவில் பட்டமும் செல்டனமில் ஊதியமும் தந்தது அது. இலத்தீன் சிலுவைக்கு எதிராகத் தம் நாட்டின் மானமாக அவர் உயர்த்திப் பிடித்ததும் அதையே. அந்தப் புலமையை அவர் வெறுத்ததாகத் தெரியவில்லை. மொழிகளைக் கற்கும் ஆற்றலை இறுதிவரை பயன்படுத்தினார். கேட்பவரை வெளியே நிறுத்தும் தகுதியாக அது இருப்பதை மட்டும் கைவிட்டார். அறிஞர் அவையில் சோதிக்கப்பட்ட பண்டிதை, பஞ்சத்தில் மீண்ட பெண்ணுக்கு விளங்குகிறதா என்பதையே தம் எழுத்தின் உரைகல்லாக ஏற்றுக்கொண்டார். கடைசியில் இருப்பவர் முதலில் வருவார் என்ற போதனை, ஒரு மொழிபெயர்ப்பாளரின் மேசையில் எடுக்கும் வடிவம் அது.

இறைநம்பிக்கை இல்லாதவர்களையும் இந்த இடம் தொடுகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் மொழிகளைப் பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்படுகின்றன. மலைக்கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து தன் சொற்களைப் பொறுமையாக ஒலித்துக் காட்டிய கிழவிக்கு, அவற்றிலிருந்து பிறந்த ஆய்வேடு ஒரு வரியும் விளங்குவதில்லை. விளக்கிச் சொல்லும் கடமை எழுதியவருக்கு இருப்பதாக எந்த விதியும் கூறுவதில்லை. புராணம் வாசித்த மண்டபத்தின் ஒழுங்கு ஆய்வரங்கிலும் தொடர்கிறது: ஒலித்தால் போதும், புண்ணியம் வாசித்தவருக்கு. ஆய்வுக்குக் கலைச்சொற்கள் தேவை என்பதில் ஐயமில்லை; ரமாபாய்க்கும் எபிரேய இலக்கணம் தேவைப்பட்டது. அந்த இலக்கணத்தைக் கற்று முடித்தபின் யாரிடம் திரும்பிப் போனார் என்பதில்தான் அவருடைய சீடத்துவம் இருந்தது.

1921இல் மகள் மனோரமா இறந்தார். மொழிபெயர்ப்புப் பணியோடு தம் இறுதி நாட்களைக் கழித்த ரமாபாய், 1922 ஏப்ரல் 5 அன்று கேட்காவில் காலமானார். முழு நூலை அவர் கண்ணால் காணவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1924இல், முக்தியின் அச்சகத்திலிருந்து அது வெளிவந்தது.