குறிஞ்சிப்பிட்டிக் கடலில் அயல் நாட்டுப் படகுகள்

பெயரைக் கேட்டால் மலையடிவாரத்து ஊர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் குறிஞ்சிப்பிட்டியில் மலையும் இல்லை, குன்றும் இல்லை. எங்கு பார்த்தாலும் மணல்தான். புத்தளத்திலிருந்து வந்து பாலாவிச் சந்தியில் திரும்பி, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியைத் தாண்டி, கற்பிட்டியை நோக்கிச் சென்றால், அந்தப் பட்டணத்தை அடையும் முன்னர் வருகின்ற ஊர்களில் ஒன்று இது. ஒரு பக்கம் புத்தளம் களப்பு. மறு பக்கம் பெருங்கடல். இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது கற்பிட்டித் தீபகற்பம்.

இந்தப் பகுதி மக்களுக்கு இரண்டு பிழைப்புகள் உண்டு. ஒன்று தோட்டம். மணலுக்குள் கிணறு தோண்டி, நன்னீர் இறைத்து, வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் பூசணியும் விளைவிக்கிறார்கள். மற்றையது கடல். மரக்கறி ஏற்றும் லொறிகளும் ஐஸ் போட்டு மீன் ஏற்றும் லொறிகளும் இதே வீதியால் தான் வெளியூர்ச் சந்தைகளுக்குப் போகின்றன. பேலியகொடை மீன் சந்தையில் விடியுமுன் விலை பேசப்படும் மீன்களில் கற்பிட்டிக் கரையின் பங்கும் இருக்கிறது.

"ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கரையில் நடக்கும் வேலைகளைப் பார்த்தால்தான் மீதிக் கதை விளங்கும். வலையில் சிக்கிய மீனைக் கழற்றுவது, தரம் பிரிப்பது, விற்காததை உப்புப் போட்டுக் கருவாடாக்குவது, கிழிந்த வலையைப் பொத்துவது ஆகியவற்றில் பெண்களின் கைகள் ஓயாமல் உழைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் கணக்கு பெண்ணின் தலையில்தான். வலை வாங்கக் காசில்லாவிட்டால் அடகுக் கடைக்குப் போவது அவளுடைய காப்பு. சங்கத்தில் கையெழுத்திட்டுக் கடன் எடுப்பவளும் அவள்தான். கிழமைத் தவணைக்கு வீடு தேடி வரும் ஆளுக்குப் பதில் சொல்பவளும் அவள்தான்.

அப்படிப்பட்ட ஒரு தாயிடம், அயல் நாட்டுப் படகுகளுக்கு அனுமதி கொடுப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்:

"ரோட்டுல வார லொறிக்கு நம்பர் இருக்கு மகள். ட்ரைவருக்கு லைசன் இருக்கு. ஆரையும் மோதினா பிடிச்சிக் கேக்க ஏலும். எங்கட வலைக்கு மேலால போற படகுக்கு என்ன இருக்கு?"

படித்தவர்கள் பல மேடைகளில் விவாதிக்கும் விடயத்தின் மையத்தையே அவர் தொட்டுவிட்டார்.

லொறிச் சாரதிகளின் வழக்கு

எல்லை தாண்டித் தொழில் செய்ய அந்நியரை விடலாமா என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. ஐக்கிய அமெரிக்காவும் மெக்சிக்கோவும் கனடாவும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை 1994 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 1995 டிசம்பர் முதல் மெக்சிக்கோ லொறிகள் அமெரிக்காவின் எல்லை மாநிலங்களுக்குள் ஓட வேண்டும். ஆனால் அமெரிக்கச் சாரதிகளின் தொழிற்சங்கம் கடுமையாக எதிர்த்தது. பாதுகாப்பற்ற லொறிகள் வரும், எங்கள் பிழைப்புப் போய்விடும் என்றது. அரசாங்கம் கதவைத் திறக்கவில்லை. 2001இல் நடுவர் குழு அமெரிக்கா உடன்படிக்கையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. 2009இல் அமெரிக்கா பரீட்சார்த்தத் திட்டத்தை நிறுத்தியபோது, மெக்சிக்கோ பதிலுக்கு அமெரிக்கப் பொருட்கள் மீது வரி விதித்தது. 2011இல் தான் ஓர் இணக்கம் ஏற்பட்டது. சாரதிக்குப் பரீட்சை, லொறிக்குப் பரிசோதனை, ஓடிய நேரத்தைப் பதியும் கருவி என்று நிபந்தனைகள் வைக்கப்பட்டன.

இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. "விடு", "விடாதே" என்று இரு தரப்பும் பல வருடங்கள் மோதிக்கொண்ட பிறகு, எந்த லொறி, எந்தச் சாரதி, யார் கண்காணிப்பது என்ற கேள்விகளுக்குத் தான் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். கடலிலும் அந்தக் கேள்விகளைத் தவிர்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வர முடியாது. அதிலும் வீதிக்குச் சோதனைச் சாவடி உண்டு. கடலில் அதுவும் இல்லை.

கடலில் போட்ட கோடு

இலங்கையும் இந்தியாவும் பாக்கு நீரிணைப் பகுதியில் 1974இலும், மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் 1976இலும் கடல் எல்லையை வகுத்துக்கொண்டன. குறிஞ்சிப்பிட்டியின் பெருங்கடற் பக்கம் இரண்டாவது உடன்படிக்கைக்குள் அடங்குகிறது. ஒரு நாட்டின் படகுகள் மற்றைய நாட்டின் வெளிப்படையான அனுமதியின்றி அதன் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று 1976இல் கடிதங்கள் பரிமாறப்பட்டன.

அதே காலத்தில் இன்னொரு சங்கதியும் நடந்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் மீன்திட்டில் நம் நாட்டுக் கப்பல்கள் அதுவரை தொழில் செய்து வந்தன. அது இந்தியாவின் பகுதியானபோது, இலங்கையின் 6 கப்பல்களுக்கு, வருடத்துக்கு 2,000 தொன்னுக்கு மேற்படாமல், 3 வருடங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. அதாவது, எல்லை தாண்டி மீன்பிடிக்க அனுமதி கேட்டுப் பெற்றவர்கள் என்ற வரிசையில் நாமும் நின்றிருக்கிறோம். எத்தனை கப்பல், எவ்வளவு மீன், எத்தனை வருடம் என்று மூன்றும் தாளில் எழுதப்பட்டிருந்தன.

இன்று நம் மக்கள் அஞ்சுவது அந்த மூன்றும் இல்லாத வருகையைத் தான்.

இழுவை மடி செய்யும் வேலை

தமிழ்நாட்டுக் கரையில் 1960களிலிருந்து இறாலுக்காக இழுவைப் படகுகள் பெருகின. இந்தப் படகு இழுக்கும் மடி, பாரம் கட்டப்பட்டுக் கடலின் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போகும். தேடுவது இறால், வாருவதோ எல்லாவற்றையும். குஞ்சு மீன், சிப்பி, கடற்புல், முட்டையிடும் இடம் ஒன்றும் மிஞ்சாது. தங்கள் பக்கத்தில் மீன் குறையக் குறைய, அந்தப் படகுகள் எல்லைக் கோட்டைத் தாண்டத் தொடங்கின. நம் நாட்டில் போர் நடந்த காலத்தில் வடபகுதி மீனவர்கள் கடலுக்குப் போகத் தடைகள் இருந்ததால், அந்தக் கடல் பெரும்பாலும் அவர்களுக்கே விடப்பட்டது போலாயிற்று. 2009இல் போர் முடிந்து நம்மவர்கள் வலையோடு திரும்பிப் போனபோது மோதல் முற்றியது.

சிறு மீனவர் மாலையில் வலையை விரித்துவிட்டு, விடியலில் எடுப்பார். இடையில் ஓர் இழுவைப் படகு அவ்வழியே போனால் வலை அறுந்து போகும், அல்லது மடியோடு சுருண்டு போகும். அந்த வலைக்குத் தான் கரையிலிருக்கும் மனைவியின் காப்பு அடகில் இருக்கிறது. மீன் போனது ஒரு நாள் நட்டம். வலை போனால் அது பல மாதக் கடன். கடன் தவணை தவறும் வீட்டில் முதலில் குறைவது எது என்று பெண்களாகிய நமக்குத் தெரியும். தாயின் தட்டுச் சோறும், மகளின் டியூஷன் காசும்தான்.

இரண்டு கரையிலும் பெண்கள்

2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அடித்தள இழுவை முறையைச் சட்டப்படி தடை செய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப் பணமும் பெருமளவு உயர்த்தப்பட்டது. அதன் கடுமை நம் மாவட்டத்திலேயே தெரிந்தது. 2024 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்தின் தருவைக்குளத்தைச் சேர்ந்த 22 மீனவர்கள் கைது செய்யப்பட்டனர். அடுத்த மாதம் அவர்களில் 12 பேருக்குத் தலா 3.5 கோடி ரூபா தண்டம் விதித்தது புத்தளம் நீதிமன்றம். கூலிக்கு வலை இழுக்கும் ஒருவர் தன் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் அவ்வளவு பணத்தைக் காண்பாரா?

எல்லை தாண்டுவது குற்றம். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழுவைப் படகுகளின் உரிமையாளர்கள் பெரும்பாலும் கடலுக்கு வருவதில்லை. பிடிபடுபவர்கள் படகோட்டியும் கூலியாட்களும் தான். 2024 பெப்ரவரியில் படகோட்டிகள் சிறையிலிடப்பட்டதைக் கண்டித்து, இராமேஸ்வரம் மீனவர்கள் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கே வராமல் புறக்கணித்தார்கள். ஒரு கரையில் வலை அறுந்த வீட்டுப் பெண் கண்ணீர் விடுகிறாள். எதிர்க் கரையில் கணவன் சிறையிலிருக்கும் பெண் கைக்குழந்தையோடு அதிகாரிகளின் வாசலில் நிற்கிறாள். இருவரும் பேசுவது ஒரே மொழி. இருவருடைய கடனும் ஒரே மாதிரியான கடன்.

2023இன் ஆரம்பத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கையான இந்தியப் படகுகளுக்குக் கட்டணத்துடன் அனுமதிப் பத்திரம் வழங்கலாமா என்ற யோசனை நம் பாராளுமன்றத்திலும் பேசப்பட்டது. வடபகுதி மீனவர் அமைப்புகள் உடனே எதிர்த்தன. சட்டத்தைக் கொண்டு தடுக்க முடியாததைப் பத்திரம் கொடுத்துக் கட்டுப்படுத்த முடியுமா என்பது அவர்களின் வாதம். அனுமதியை ஆதரித்தவர்களோ, எப்படியும் வரப்போகும் படகுகள் கணக்கோடு வரட்டுமே என்றார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் வரப்போவது என்ன வலை என்ற கேள்விக்கு விடை சொல்லாமல், எத்தனை படகு என்று பேரம் பேசுவதில் பயனில்லை.

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம்

பிறரைக் குறை சொல்லும்போது நம் பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பது நீதி. இலங்கையின் பலநாட் படகுகள் இந்தியக் கடலிலும், மாலைதீவு, சீஷெல்ஸ் பக்கங்களிலும் பிடிபட்டிருக்கின்றன. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் நம் மீன் இறக்குமதியையே தடை செய்தது. படகுகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவிகளைப் பொருத்தி, சட்டங்களைத் திருத்திய பின்னரே 2016இல் அத்தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் அந்த நட்டம் கரையிலிருந்த குடும்பங்களையும் பாதித்தது.

இழுவை மடியும் அயலவர் மட்டும் போட்டதல்ல. கற்பிட்டிப் பக்கத்திலும் நம்மவர்கள் இறாலுக்காகச் சிறிய அளவில் அதைப் போட்டதுண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

நல்ல உதாரணமும் நம் கடலிலேயே உண்டு. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவத்துக்குப் பருவம் கற்பிட்டித் தீவுகளுக்கு வந்து வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்கிறார்கள். மொழி வேறு, மதம் வேறு. சச்சரவுகளும் வராமலில்லை. ஆயினும் வருபவர் யார், எங்கே தங்குகிறார், என்ன வலை போடுகிறார் என்று கரையில் உள்ளவர்களுக்குத் தெரியும். பிரச்சினை வந்தால் பேச முகம் இருக்கிறது. எல்லை தாண்டி இருட்டில் வரும் படகுக்கு அந்த முகம் இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

2010 ஆகஸ்டில் நம் மீனவர் பிரதிநிதிகள் தமிழ்நாடு சென்று அங்குள்ள மீனவர்களுடன் நேரில் பேசினார்கள். இழுவை மடியை ஒரு கால எல்லைக்குள் கைவிடுவது பற்றி அங்கே இணக்கமும் காணப்பட்டது. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் மீண்டும் பேசினார்கள். அரசாங்கங்கள் அதை முறையாகப் பின்தொடராததால் பேச்சு செயலாக மாறவில்லை. இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்ற இந்தியா 2017இல் தொடங்கிய திட்டமும் எதிர்பார்த்த அளவு நகரவில்லை.

எனவே எவரேனும் மறுபடி "அனுமதி" என்று பேச வந்தால், கரையோரப் பெண்களாகிய நாம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலில், இழுவை மடி முற்றாக நின்றுவிட்டதா? அது நிற்கும் வரை எந்தப் பத்திரத்துக்கும் இடமில்லை என்று சொல்லலாம். நின்ற பிறகு வருவதாயிருந்தால், எத்தனை படகு, எந்த மாதங்கள், எவ்வளவு மீன் என்பது எழுத்தில் உள்ளதா? இருப்பிடம் காட்டும் கருவி ஒவ்வொரு படகிலும் இருக்கிறதா? ஒரு வலை அறுந்தால் அதன் விலையை யார், எத்தனை நாளுக்குள் கொடுப்பார்? நம் படகுகள் அயல் கடலுக்குப் போகும்போதும் இதே விதிகளுக்கு நாம் கட்டுப்படுவோமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பேச்சு மேசையில் பெண்களுக்கு நாற்காலி இருக்கிறதா? இதுவரை நடந்த பேச்சுகளில் அமைச்சர்களும் அதிகாரிகளும் படகு உரிமையாளர்களும் இருந்தார்கள். அறுந்த வலையின் கடனைக் கட்டுகிறவள் அங்கே இருந்தால், நட்டஈடு என்ற சொல் கடைசிப் பக்கத்துக்குப் போகாது. உங்கள் ஊர் மீனவர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்விகளை எழுதிக் கொடுங்கள். மாதர் சங்கங்கள் சேர்ந்து பிரதேச செயலகத்துக்கும் கடற்றொழில் திணைக்களத்துக்கும் அனுப்பலாம். நம்பரும் லைசனும் இல்லாத லொறியை நம் ஊர் வீதியில் ஓட விடமாட்டோம். கடலிலும் அவ்வளவைத்தான் கேட்கிறோம்.